மெக்கன்சியை வரைந்த தாமஸ் ஹிக்கி யார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பாலாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கம்பெனியின் நில அளவையாளர் காலின் மெக்கன்சி தென்னிந்தியாவில் சேகரித்த சுவடிகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்துக்கொண்டிருந்தேன். அதில் மெக்கன்சியின் படம் ஒன்று போட்டிருந்தார்கள், 1816-ல் சென்னையில் வரைந்தது. நடுவில் கம்பெனிப் படையின் சிவப்புக் கோட்டு போட்ட வெள்ளைக்காரர், அவரை ஒட்டி மூன்று இந்தியர்கள், ஒருவர் கையில் ஓலைச்சுவடி, இன்னொருவர் கையில் தொலைநோக்கி, தூரத்தில் குன்றின் மேல் ஒரு பெரிய சிலை. கட்டுரை முழுக்க மெக்கன்சியைப் பற்றித்தான். படத்துக்குக் கீழே 'ஓவியர்: தாமஸ் ஹிக்கி' என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

எனக்கு மெக்கன்சியை விட அந்த ஓவியர் மேல்தான் ஆர்வம் வந்துவிட்டது. யார் இவர், எப்படி மதராசுக்கு வந்தார், வேறு யாரை எல்லாம் வரைந்தார்? கல்கத்தாவில் பெங்கால் கெசட் என்ற செய்தித்தாள் நடத்திய ஹிக்கியும் இவரும் ஒருவர்தானா? அப்புறம், கூட நிற்கும் அந்த மூன்று பேரும் உண்மையிலேயே ஓவியர் முன்னால் நின்றார்களா, இல்லை அலங்காரத்துக்காகச் சும்மா போட்ட ஆட்களா? இவர் வரைந்ததில் ஏதாவது நம் ஊர்ப்பக்கம் இருக்கிறதா? தேடினால் எல்லா இடத்திலும் அதே நாலு வரிதான் வருகிறது.

சுவடிக்காரன்:

நல்ல கேள்வி கேட்டீர்கள். இந்த ஆளைப் பற்றித் தமிழில் யாராவது எழுத மாட்டார்களா என்று நானும் பல நாள் நினைத்ததுண்டு.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பெங்கால் கெசட் நடத்தியவர் ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி, வேறு ஆள். கல்கத்தாவில் வக்கீலாக இருந்து பெரிய நினைவுக்குறிப்பு எழுதிவைத்த வில்லியம் ஹிக்கி மூன்றாவது ஆள். நம் ஓவியர் தாமஸ் ஹிக்கி, அயர்லாந்துக்காரர், 1741-ல் டப்ளினில் பிறந்தவர். அப்பா அங்கே கேப்பல் தெருவில் மிட்டாய்க் கடை வைத்திருந்தார். தம்பி ஜான் ஹிக்கி சிற்பி. டப்ளினில் ஓவியம் படித்து, பிறகு இத்தாலியில் சில வருடம் இருந்து, லண்டன் ராயல் அகாடமி பள்ளியிலும் சேர்ந்து படித்திருக்கிறார். ஆக, படிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்றைய லண்டனில் ரெனால்ட்ஸும் கெய்ன்ஸ்பரோவும் கோலோச்சிக்கொண்டிருந்தபோது இவரைப் போன்ற இரண்டாம் வரிசைக்காரர்களுக்குப் பிழைப்பு ஓடுவது கஷ்டம். கொஞ்ச காலம் பாத் நகரத்தில் கடை விரித்துப் பார்த்தார், அப்புறம் 1780-ல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்.

அந்தக் கப்பல் வந்து சேரவில்லை. பிரெஞ்சு, ஸ்பானிஷ் கூட்டுக் கடற்படை அந்தக் கப்பல் கூட்டத்தையே மடக்கிப் பிடித்துவிட்டது. விடுதலையானதும் லிஸ்பனுக்குப் போய் அங்கிருந்த ஆங்கிலேய வியாபாரிகளை வரைந்து சில வருடம் காலம் தள்ளினார். கடைசியில் 1784-ல்தான் கல்கத்தாவில் கால் வைத்தார். அங்கே இருந்தபோது ஓவிய வரலாறு, சிற்ப வரலாறு பற்றி ஒரு புத்தகமே எழுதி அதன் முதல் பாகத்தை 1788-ல் கல்கத்தாவிலேயே அச்சிட்டார். 1791-ல் ஊர் திரும்பினார்.

அடுத்தது சீனா. மெக்கார்ட்னி பிரபு (நம் மதராஸில் 1781 முதல் 1785 வரை ஆளுநராக இருந்த அதே ஆள்) 1792-ல் சீனப் பேரரசரிடம் தூது போனார் இல்லையா, அந்தக் குழுவின் அதிகாரப்பூர்வ ஓவியர் ஹிக்கிதான். ஆனால் அந்தப் பயணத்தில் அவர் வரைந்ததாக மிஞ்சியது மிகச் சொற்பம். கூடவே போன வில்லியம் அலெக்சாண்டர் என்ற இளைஞர், பதவியில் இவருக்குக் கீழே இருந்தவர், வரைந்து தள்ளிவிட்டார், இன்று அந்தத் தூதுக்குழு என்றாலே அவர் படங்கள்தான். ஹிக்கி ஏன் அப்படிச் சும்மா இருந்தார் என்று இன்றைக்கும் ஆச்சரியப்படுகிறார்கள். என் எண்ணம் என்னவென்றால், அவருக்கு இயற்கைக் காட்சியிலோ தெருவிலோ ஈடுபாடு கிடையாது, எதிரில் ஒரு முகம் உட்கார்ந்தால்தான் கை ஓடும். அவருடைய மொத்த வேலையையும் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.

1798-ல் மகள்களோடு மதராசுக்கு வந்தார். இடையில் கொஞ்ச காலம் கல்கத்தாவில் இருந்ததைத் தவிர 1824-ல் சாகும்வரை இங்கேதான். எண்பது வயதுக்கு மேல் வாழ்ந்திருக்கிறார். அதாவது நீங்கள் பார்த்த மெக்கன்சி படத்தை வரைந்தபோது அவருக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். அதை நினைத்துக்கொண்டு அந்தப் படத்தை மறுபடி பாருங்கள்.

மயிலை வாசகி:

சுவடிக்காரன் ஓவியரைச் சொல்லிவிட்டார், நான் அந்த மூன்று பேரைச் சொல்கிறேன், எனக்கு அவர்கள்தான் முக்கியம்.

அவர்கள் அலங்காரத்துக்குப் போட்ட ஆட்கள் இல்லை. மூன்று பேருக்கும் பெயர் உண்டு. ஓலைச்சுவடி வைத்திருப்பவர் தர்மய்யா, சமணப் பண்டிதர். மெக்கன்சி மைசூர் நாட்டை அளந்துகொண்டிருந்த காலத்தில் அவரோடு சேர்ந்தவர், பழைய கன்னடக் கல்வெட்டுகளைப் படித்துச் சொன்னவர். தொலைநோக்கி வைத்திருப்பவர் கிருஷ்ணாஜி, சேவகர். அளவை வேலைக்குப் போன இடமெல்லாம் கருவிகளைச் சுமந்து கூடவே நடந்தவர். மூன்றாமவர் காவலி வெங்கட லட்சுமய்யா என்று சொல்கிறார்கள். தெலுங்கு பிராமணர், காவலி சகோதரர்களில் ஒருவர். மூத்தவர் வெங்கட போரய்யாதான் மெக்கன்சிக்கு வலது கை மாதிரி இருந்தவர், அவர் 1803-ல் இளம் வயதில் இறந்துபோனார். அதன்பிறகு லட்சுமய்யா அந்த இடத்துக்கு வந்தார்.

மெக்கன்சிக்குத் தமிழோ தெலுங்கோ சமஸ்கிருதமோ படிக்கத் தெரியாது, அவரே அதை ஒத்துக்கொண்டிருக்கிறார். ஊர் ஊராகப் போய் கோயில் குருக்களிடமும் கணக்குப்பிள்ளையிடமும் பேசி, சுவடி வாங்கி, படி எடுத்து, கைஃபியத்து (ஊர் வரலாற்றுக் குறிப்பு) எழுதி வாங்கியதெல்லாம் இவர்கள் கூட்டம்தான். இன்று சென்னை கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் நாம் 'மெக்கன்சி தொகுப்பு' என்று கேட்டு வாங்கிப் படிக்கிறோமே, அதில் பாதிக்கு மேல் வியர்வை இவர்களுடையது.

தூரத்தில் தெரியும் சிலை கர்நாடகத்தில் உள்ள கார்கலா கோமடேசுவரர், சமணர் சிலை, 1432-ல் நிறுவியது, நாற்பது அடிக்கு மேல் உயரம். மதராஸில் நின்றால் கார்கலா தெரியாது என்பது எல்லோருக்கும் தெரியும். மைசூர் அளவைக் காலத்தை நினைவுபடுத்தத்தான் அதைப் பின்னால் வைத்திருக்கிறார். மெக்கன்சி 1815-ல் இந்தியாவின் முதல் தலைமை அளவையாளர் ஆகிவிட்டார், கல்கத்தாவுக்கு மாற வேண்டும், கிளம்புவதற்கு முன்னால் மதராஸில் வரையவைத்த படம் இது. வாழ்நாள் வேலைக்குச் சாட்சியாக ஒரு படம் வேண்டும் என்று நினைத்தவர் தனியாக நிற்காமல் இவர்களையும் கூட நிறுத்தியிருக்கிறார். அந்த வகையில் மெக்கன்சி மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் 1821-ல் மெக்கன்சி இறந்ததும் என்ன ஆனது தெரியுமா? லட்சுமய்யா அந்த வேலையைத் தான் தொடர்ந்து நடத்துகிறேன் என்று கேட்டார். கல்கத்தாவில் இருந்த ஆங்கிலேய அறிஞர்கள் அவருக்குத் தகுதி போதாது என்று தட்டிக்கழித்துவிட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் அந்த வேலையைச் செய்தவருக்கு! அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும், கோபமும் வரும்.

பாலாற்றங்கரை:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. அந்தச் சேவகர் பெயர் வரைக்கும் தெரியும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

இன்னொன்று கேட்கலாமா. அந்தக் காலத்தில் மதராஸில் உட்கார்ந்து எண்ணெய் ஓவியம் வரைவது எப்படி நடந்தது? சாயம், துணி எல்லாம் எங்கிருந்து வந்தது? இந்த வெயிலிலும் புழுக்கத்திலும் எப்படிக் காய்ந்தது? மெக்கன்சி மாதிரி வேலைக்காரர் நாள் கணக்கில் உட்கார்ந்திருப்பாரா?

தூரிகைக்காரி:

எண்ணெயில் முகம் வரைவதுதான் என் தொழில், அதனால் இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

டியூபில் அடைத்த சாயம் வந்தது 1841-ல். அதற்கு முன்னால் அரைத்த சாயத்தைப் பன்றியின் மூத்திரப்பையில் கட்டி விற்பார்கள். ஒரு முள்ளால் குத்தி வேண்டிய அளவு பிதுக்கிக்கொண்டு அந்த ஓட்டையை மறுபடி ஒரு ஆணியால் அடைப்பார்கள். ஒரு தடவை குத்திவிட்டால் உள்ளே காற்றுப் போய் மெல்ல மெல்ல இறுக ஆரம்பிக்கும். நம் ஊர் சூட்டில் அது எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நல்ல துணியும் சாயமும் கப்பலில் வரவேண்டும், ஐந்தாறு மாதப் பயணம், உப்புக் காற்று. வந்த பிறகு கரையான், பூஞ்சணம். மழைக்காலத்தில் எண்ணெய்ப் பூச்சு காய மறுக்கும், கோடையில் மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கும், பிறகு வெடிக்கும். எனக்கு இன்றைக்கே இந்தச் சென்னையில் நவம்பர் மாதம் ஒரு படம் முடிப்பது பெரும்பாடு.

உட்காருவது பற்றிக் கேட்டீர்கள். பெரிய மனிதர்கள் முகத்துக்கு மட்டும்தான் உட்காருவார்கள், சில அமர்வுகள். கோட்டு, பித்தான், இடுப்புப் பட்டை, கத்தி எல்லாம் அப்புறம் துணியை ஒரு மரப்பொம்மைக்கு மாட்டியோ வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொல்லியோ வரைவதுதான் அன்றைய வழக்கம். ஹிக்கிக்கு இன்னொரு வழியும் நன்றாகக் கைவந்தது, அதுதான் என்னைப் பொறுத்தவரை அவருடைய உச்சம். 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு அந்தப் போரைப் பற்றி ஏழு பெரிய வரலாற்றுப் படங்கள் வரையப்போகிறேன் என்று அறிவித்தார். அதற்குத் தயாராகப் போரில் இருந்த கம்பெனி அதிகாரிகளின் முகங்களை ஒவ்வொன்றாகச் சுண்ணக் கட்டியில், கறுப்பும் வெள்ளையுமாக, நிறத்தாளில் வரைந்து வைத்தார். அந்த ஏழு பெரிய படங்கள் வரவே இல்லை. முகங்கள் மட்டும் மிஞ்சின, அதில் ஒரு பெரிய தொகுப்பு இங்கிலாந்தில் வெலிங்டன் பிரபு குடும்பத்தின் ஸ்ட்ராட்ஃபீல்ட் சே மாளிகையில் இருக்கிறது.

அச்சில் வந்த பிரதிகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். தாளின் பழுப்பு நிறத்தையே தோலின் நடுநிறமாக விட்டுவிடுகிறார். கறுப்புக் கட்டியால் கண்குழி, மூக்கின் அடி, கழுத்துப்பட்டையின் நிழல். வெள்ளைக் கட்டியை நெற்றியிலும் மூக்கு நுனியிலும் கீழ் உதட்டிலும் ஒற்றி எடுக்கிறார், அவ்வளவுதான். கோட்டுக்குச் சில கோடுகளோடு நிறுத்திவிடுகிறார். போரில் இருந்து வந்த களைப்பு, வெயிலில் அடிபட்ட கன்னம், சின்னப் பையன்களுக்கு மீசை கூட முளைக்காத மேலுதடு, எல்லாம் தெரிகிறது. எண்ணெயில் வரையும்போது இந்தச் சுறுசுறுப்பு அவரிடம் குறைந்துவிடுகிறது, கொஞ்சம் மழுங்கலாகிவிடுகிறது, அதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மெக்கன்சி படத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஐரோப்பிய ஓவியர்கள் தங்கள் பட்டறையில் கற்றுக்கொள்வது வெள்ளைத் தோலுக்கான கலவை, அதாவது ஈய வெள்ளை, சிந்தூரச் சிவப்பு, கொஞ்சம் மஞ்சள் காவி. கறுத்த தோலுக்கு அதிலேயே பழுப்பைக் கூட்டினால் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும், இந்தியாவில் வரைந்த பலருடைய படங்களில் வேலைக்காரர்களின் முகங்கள் அப்படித்தான் செத்துக் கிடக்கும். ஹிக்கி அந்த மூன்று முகத்துக்கும் தனித்தனி நிறம் கலந்திருக்கிறார். எழுபத்தைந்து வயதில், கண் மங்கியிருக்கக்கூடிய வயதில். ஆட்களை எதிரில் நிறுத்திவைத்துப் பார்க்காமல் இது வராது என்பது என் கருத்து.

குடகு வழிப்போக்கன்:

மெக்கன்சி படத்தோடு நின்றுவிட்டீர்களே! ஹிக்கி என்றால் இன்று உலகம் பேசுவது மைசூர் ராணிகள் படத்தைத்தான். 1805 வாக்கில் வரைந்தது, மூன்று பெண்கள் நிற்கும் எண்ணெய் ஓவியம். நெடுங்காலம் இதை யாரோ நாட்டியக்காரிகள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நைஜல் சான்சலர் என்ற வரலாற்று ஆய்வாளர் 2001-ல் எழுதிய கட்டுரையில், இல்லை, இவர்கள் மைசூர் அரண்மனைப் பெண்கள், இந்தப் படம் பெரியம்மைத் தடுப்பூசி குத்துவதைப் பரப்ப வரைந்தது என்று வாதிட்டார்.

அவர் சொல்வது இது. வலப்பக்கம் நிற்பவர் மைசூர் ராஜா மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் இளைய ராணி தேவஜம்மணி, 1805-ல் கல்யாணமாகி வந்தவர், அப்போது ராஜாவுக்கும் அவருக்கும் பன்னிரண்டு வயதுதான் இருக்கும். அவர் சேலைத் தலைப்பை இழுத்து இடது மேல்கையைக் காட்டுகிற மாதிரி நிற்கிறார், ஊசி குத்திய இடம் அது. இடப்பக்கம் இருப்பவர் மூத்த ராணி, அவர் பெயரும் தேவஜம்மணிதான், அவருக்கு மூக்கையும் வாயையும் சுற்றி நிறம் மாறியிருக்கிறது, பழைய முறைப்படி அம்மைப் பொருக்கைப் பொடித்து மூக்கில் ஏற்றிய அடையாளம் அது என்கிறார். நடுவில் இருப்பவர் ராஜாவின் பாட்டி லட்சுமி அம்மணி. அவருடைய கணவர் பெரியம்மையில் இறந்தவர்.

காலத்தோடும் இது பொருந்துகிறது. பெரியம்மைக்குத் தடுப்பூசி கண்ட ஆங்கில மருத்துவர் ஜென்னருடைய பசு அம்மைப் பால் இந்தியாவுக்கு வந்தது 1802 ஜூனில். வியன்னாவிலிருந்து பாக்தாத், பாஸ்ரா வழியாக, ஆளுக்கு ஆள் கையிலிருந்து கைக்கு மாற்றிக்கொண்டே வந்து, பம்பாயில் ஆனா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு முதன்முதல் குத்தினார்கள். கம்பெனிக்காரர்கள் சொன்னால் ஜனங்கள் கேட்பார்களா? ராணியே குத்திக்கொண்டார் என்றால் கேட்பார்கள். மறைவில் இருக்கும் அரண்மனைப் பெண்கள் ஒரு வெளிநாட்டு ஓவியர் முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள் என்றால் அதற்கு மிகப் பெரிய காரணம் இருந்திருக்க வேண்டும்.

கேள்விக்குறி:

குடகு வழிப்போக்கன் சொன்ன விளக்கம் அழகாக இருக்கிறது, ஆனால் எனக்கு இரண்டு இடத்தில் இடிக்கிறது.

ஒன்று, பொருக்கைப் பொடித்து மூக்கில் ஏற்றுவது சீனர்களின் முறை. இந்தியாவில், குறிப்பாக வங்காளத்தில், செய்தது தோலைக் கீறி அதில் அம்மைச் சீழை வைப்பது. மைசூர் ராணிக்கு மூக்கில் ஏற்றினார்கள் என்றால் அதற்குத் தனியாக ஆதாரம் வேண்டும். மூக்கைச் சுற்றிய நிறமாற்றம் பழைய வார்னிஷாகவோ, பின்னால் யாரோ செய்த பழுதுபார்ப்பாகவோ கூட இருக்கலாம் இல்லையா, இதைத் தூரிகைக்காரிதான் சொல்ல வேண்டும். இரண்டு, சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது எந்தப் பெண் படத்திலும் வரும் நிலை. குத்திய தழும்பு எதுவும் அந்தக் கையில் வரைந்திருக்கவில்லை. தடுப்பூசி விளம்பரம் என்றால் அதை ஏன் விட்டுவிட வேண்டும்?

அவர்கள் அரச குடும்பத்துப் பெண்கள் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன், நகைகளும் நிற்கும் தோரணையும் அதைச் சொல்கின்றன. தடுப்பூசிக்காக வரைந்தது என்பதை நிச்சயமான உண்மையாகப் பரப்புவதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. கொரோனா ஊசி போட்ட சமயத்தில் எல்லாப் பத்திரிகையிலும் இது 'உலகின் முதல் தடுப்பூசி விளம்பரம்' என்று வந்தது, அதற்குப்பிறகு யாரும் கேள்வி கேட்பதே இல்லை.

தூரிகைக்காரி:

நேரில் பார்க்காமல் வார்னிஷா தோலா என்று யாரும் சொல்ல முடியாது. பொதுவாக வார்னிஷ் பழுப்பேறினால் படம் முழுக்க ஏறும், ஒரு முகத்தில் மூக்கைச் சுற்றி மட்டும் நிற்காது. பழுதுபார்த்த இடம் என்றால் புற ஊதா விளக்கில் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் ஒன்று சொல்வேன். பணம் வாங்கி ராணியை வரையும் ஓவியர் முகத்தில் இருக்கும் கறையை வேண்டும் என்றே வரைவது அபூர்வம். வழக்கமாக நாங்கள் அதை மறைத்துத்தான் வரைவோம், இன்றைக்கும் கல்யாணப் படம் கேட்டு வருகிறவர்கள் முதலில் சொல்வதே பருவை எடுத்துவிடுங்கள் என்பதுதான். ஓவியர் கறையை விட்டுவைத்தார் என்றால் யாரோ விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறார்கள், அது எதற்காக என்பதுதான் விவாதம். சான்சலர் பக்கம் என் தராசு கொஞ்சம் சாய்கிறது.

சுவடிக்காரன்:

இந்த விவாதத்துக்கு மதராஸ் பக்கத்திலிருந்து ஒரு செய்தி. அதே காலத்தில் இங்கேயும் ஜனங்களை அம்மை குத்திக்கொள்ள வைக்கக் கம்பெனிக்காரர்கள் படாத பாடு பட்டார்கள். பெரியம்மை என்றால் வீட்டுக்கு அம்மன் வந்திருக்கிறாள், வேப்பிலை கட்ட வேண்டும், மருந்து கொடுத்தால் அவள் கோபித்துக்கொள்வாள் என்று நம்பிய ஊர். அப்போது எல்லிஸ் துரை, ஆமாம், திருக்குறளுக்கு உரை எழுதிய அதே எல்லிஸ், சக்தியும் தன்வந்திரியும் பேசிக்கொள்வது மாதிரி தமிழில் ஒன்றை எழுதினார். பசுவிடமிருந்து வரும் இந்த மருந்து அம்மனே அருளியது என்று அதில் வரும். ஒரு பக்கம் தமிழில் புராணம் மாதிரி ஒன்று, இன்னொரு பக்கம் மைசூரில் ராணிகள் படம். இரண்டும் சில வருடத்துக்குள், ஒரே அரசாங்கத்தின் நிழலில். ராணிகள் படம் அதற்காகத்தான் என்று இது நிரூபிக்கவில்லை, கேள்விக்குறி சொல்வது நியாயம்தான். ஆனால் இப்படி ஒரு படம் வரையச் சொல்லும் யோசனை அன்றைய கம்பெனி ஆட்களுக்கு வந்திருக்கக்கூடியதுதான் என்பதற்கு இது நல்ல துணை.

மயிலை வாசகி:

பாலாற்றங்கரை, உங்கள் பெயரைப் பார்த்ததும் சொல்ல நினைத்தேன், வேலூர்ப் பக்கமா நீங்கள்? அப்படியென்றால் ஹிக்கியின் முக்கியமான ஒரு வேலை உங்கள் ஊர்க் கோட்டைக்குள் நடந்ததுதான்.

திப்பு இறந்த பிறகு அவர் பிள்ளைகளையும் குடும்பத்தையும் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். 1801-ல் ஹிக்கி அங்கே அந்தப் பிள்ளைகளை ஒவ்வொருவராக வரைந்தார். அதில் இரண்டு பேர், அப்துல் காலிக்கும் முயிசுத்தீனும், 1792-ல் சின்னப் பிள்ளைகளாகக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸிடம் பிணையாக ஒப்படைக்கப்பட்டவர்கள். அந்த ஒப்படைப்புக் காட்சியை எத்தனையோ ஆங்கில ஓவியர்கள் போட்டி போட்டு வரைந்து விற்றார்கள், அதில் பாதிப் பேர் அந்தப் பிள்ளைகளைப் பார்த்ததே இல்லை. ஹிக்கி பார்த்தார், வளர்ந்த பிள்ளைகளாக, அப்பாவையும் நாட்டையும் இழந்த பிறகு, காவலில் இருக்கும்போது. அந்தப் படங்கள் கல்கத்தா அரசு மாளிகைக்குப் போயின, இப்போது விக்டோரியா நினைவகத்தில் இருக்கின்றன. ஐந்து வருடம் கழித்து 1806 ஜூலை 10-ல் வேலூர்ப் புரட்சி, அதற்குப் பிறகு பிள்ளைகளையும் கல்கத்தாவுக்கே அனுப்பிவிட்டார்கள். முகங்கள் முன்னால் போயின, ஆட்கள் பின்னால் போனார்கள்.

ஜெயித்தவர்கள் தோற்றவர்களின் பிள்ளைகளை ஏன் வரைந்து தங்கள் மாளிகையில் மாட்டினார்கள் என்பது யோசிக்க வேண்டியது. வேட்டையில் அடித்த கொம்பை மாட்டுவது போல என்று நான் நினைக்கிறேன். ஓவியர் அதற்குக் கூலி வாங்கினார். ஹிக்கியின் திறமையைப் புகழும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கம்பெனி போர் தொடுக்கவில்லை என்றால் இந்த மனிதருக்கு மதராஸில் இவ்வளவு வேலை இல்லை.

குடகு வழிப்போக்கன்:

சரியாகச் சொன்னீர்கள். ஆனால் ஹிக்கி மட்டும் இல்லை, இங்கே வந்த ஓவியர்கள் எல்லோருமே யாராவது ஒருவர் பணத்தை நம்பி வந்தவர்கள்தான். 1769-ல் மதராசுக்கு வந்த டில்லி கெட்டில், 1774-ல் வந்த ஜார்ஜ் வில்லிசன் இரண்டு பேருக்கும் நல்ல வருமானம் தந்தவர் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா. அவர் கடனில் மூழ்கிக்கொண்டே தன் படத்தை வரையவைத்து லண்டனுக்குப் பரிசாக அனுப்பிக்கொண்டிருந்தார்.

இன்னொரு சுவாரசியம். வில்லியம் கிர்க்பாட்ரிக் என்ற அதிகாரியை அவருடைய இந்திய உதவியாளர்களோடு சேர்த்து ஹிக்கி வரைந்திருக்கிறார், அது டப்ளினில் அயர்லாந்து தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. திப்புவின் கடிதங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1811-ல் வெளியிட்டவர் இவர். இவருடைய மாற்றாந்தாய்த் தம்பிதான் ஹைதராபாத்தில் கைருன்னிசாவை மணந்த ஜேம்ஸ் கிர்க்பாட்ரிக். அந்தத் தம்பியின் இரண்டு குழந்தைகளை 1805-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏற்றும் முன்னால் மதராஸில் வைத்து வரைந்தவர் ஜார்ஜ் சின்னரி. ஹைதராபாத் உடுப்பில் அண்ணனும் தங்கையும் நிற்கும் படம். இளைஞரான சின்னரி 1802 கடைசியில் மதராஸில் வந்து இறங்கியபோது ஹிக்கிக்கு அறுபது தாண்டிவிட்டது. சின்னரி கையில் இருந்த வேகமும் ஒளியும் ஹிக்கியிடம் கிடையாது, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

கேள்விக்குறி:

அயர்லாந்துக் கூடத்தில் ஹிக்கி 1787-ல் வரைந்த இன்னொரு படமும் இருக்கிறது, தரையில் அமர்ந்திருக்கும் ஒரு இந்தியப் பெண். வக்கீல் வில்லியம் ஹிக்கியோடு வாழ்ந்த ஜம்தானியாக இருக்கலாம் என்கிறார்கள். சரியோ இல்லையோ, அந்தப் பெண் நேராகப் பார்க்கும் பார்வைக்காகவே அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். இந்த விஷயத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது.

பாலாற்றங்கரை:

ஆமாம், நான் வேலூர்தான். கோட்டைக்கு எதிரில்தான் பள்ளிக்கூடம் படித்தேன், உள்ளே திப்பு மகால், ஹைதர் மகால் என்று சொல்லிக் காட்டுவார்கள். அங்கே இருந்தவர்களுக்கு முகம் உண்டு, அந்த முகங்கள் அங்கேயே வரையப்பட்டு இன்றும் இருக்கின்றன என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் படங்களின் நல்ல பிரதிகள் நம் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டாமா? கல்கத்தாவிடம் யார் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும்?

சுவடிக்காரன்:

விக்டோரியா நினைவகம் மத்திய அரசின் கலாசார அமைச்சகத்தின் கீழ் வருகிறது, வேலூர் அரசு அருங்காட்சியகம் மாநில அருங்காட்சியகத் துறையின் கீழ். தனி ஆள் எழுதினால் பதில் வர நாளாகும், அருங்காட்சியகக் காப்பாட்சியர் துறை மூலம் எழுதினால் மதிப்பிருக்கும். முதலில் அவரைப் போய்ப் பாருங்கள், 1801, ஹிக்கி, வேலூர் என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதி, திப்புவின் பிள்ளைகளின் பெயர்களையும் சேர்த்துக் கொடுங்கள். பெயர்ப் பட்டியலை நான் உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். வரும் ஜூலை 10-க்குப் புரட்சி நினைவுநாள் எப்படியும் நடக்கும், அதற்குள் நாலு பிரதியாவது வந்தால் நன்றாக இருக்கும்.

தூரிகைக்காரி:

பிரதி வந்தால் சட்டம் போடும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், காசு வேண்டாம். கண்ணாடிக்குப் பின்னால் காற்று போக இடம் விட்டுத்தான் போட வேண்டும், அந்தக் கோட்டைச் சுவர் ஈரம் இறங்கும் சுவர்.